என் நம்பரைக் கொடுத்தவள்

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த வருடம் நான் ஒரே ஓர் ஆளிடம்தான் உண்மையைச் சொன்னேன். அவள் என் வகுப்புத் தோழி அல்ல, சொந்தக்காரியும் அல்ல. கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் சனி, ஞாயிறுகளில் என்னோடு வேலை செய்தவள். சென்னையிலிருந்து மாணவர் விசாவில் வந்து இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிடுவேன்.

உண்மை இதுதான். எனக்கும் அப்பா அம்மாவுக்கும் கனடாவில் இருக்க அனுமதி இல்லை. எட்டு வயதில் என்னைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தார்கள். முதலில் அதே நகரத்தில் பார்க்டேல் என்ற பகுதியில் ஓர் அறையில் இருந்தோம். கோரிக்கை மறுக்கப்பட்டது. மேன்முறையீடும் மறுக்கப்பட்டது. எங்களைத் திருப்பி அனுப்ப, விமான நிலையத்துக்கு வரச் சொல்லி ஒரு திகதி கொடுத்தார்கள். அந்த நாளில் நாங்கள் அங்கே போகாமல், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு பதினான்காம் மாடி வீட்டுக்குப் போனோம். அந்த வீடு அப்பாவோடு வேலை செய்த ஒருவருடைய பெயரில் இருந்தது. அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை நாங்கள் பிரிப்பதில்லை. சேர்த்துவைத்து மாதத்துக்கு ஒருமுறை அவரிடம் கொடுத்துவிடுவோம்.

அதற்குப் பிறகு அப்பா எவரையும் நம்பவில்லை. லிஃப்டில் யாராவது எங்கள் மாடி எண்ணைக் கேட்டால் பத்து என்று சொல்லிப் பத்தாம் மாடியில் இறங்கி, மிச்சத்தைப் படியால் ஏறுவார். தமிழ் ஆட்கள் கேட்டால் இன்னும் மோசம். "எங்கடை ஆக்கள்தான் முதல் கேப்பினம், எந்த ஊர், எப்ப வந்தனீங்கள், பேப்பர் கிடைச்சிட்டுதோ எண்டு" என்பார். இந்த மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்டவர்களை நாங்கள் இரண்டாம் முறை சந்திக்காமல் பார்த்துக்கொண்டோம்.

பள்ளிக்கூடம் மட்டும் தடையில்லாமல் நடந்தது. பெற்றோரிடம் குடிவரவுப் பத்திரம் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் விடக்கூடாது என்று இந்த மாகாணத்தின் கல்விச் சட்டம் சொல்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கணிதத்தில் நல்ல புள்ளி எடுத்தேன். எல்லாப் பிள்ளைகளையும் போல நானும் பல்கலைக்கழகம் போவேன் என்று ஏதோ ஒரு நம்பிக்கையில் இருந்தேன்.

பதினேழு வயதில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்தபோதுதான் யாரும் கேட்காமல் விடுவது பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகிறது என்பது விளங்கியது. 'கனடாவில் உங்கள் நிலை' என்று கேட்டிருந்தது. பிரஜை, நிரந்தர வதிவாளர், மாணவர் அனுமதி, வேறு. 'வேறு' என்பதை அழுத்தினால் விளக்கம் எழுத ஒரு பெட்டி திறந்தது. நான் கணினியை அப்படியே மூடிவிட்டேன். மாகாண அரசு மாணவர்களுக்குக் கொடுக்கும் கடனுக்கும் உதவிக்குமான படிவம் இன்னும் மோசம். முதல் பக்கத்திலேயே சமூகக் காப்புறுதி இலக்கம் கேட்டது. எனக்கு அப்படி ஓர் இலக்கம் இல்லை; கடையில் கைக்காசுக்குத்தான் வேலை செய்தேன். உதவி இல்லை என்பது மட்டுமல்ல. அனுமதியில்லாதவள் என்றால் வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணம் கட்ட வேண்டும். அது எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசக்கூடிய தொகையே இல்லை.

வகுப்பில் எல்லோரும் எங்கெங்கே விண்ணப்பித்தோம் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வருடம் ஓய்வு எடுக்கப் போவதாகச் சொன்னேன். வழிகாட்டல் ஆசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் உள்ளே போனதும் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"இந்தப் புள்ளிகளோடு விண்ணப்பிக்காத ஆள் நீ ஒருத்திதான். ஏன்?" என்று கேட்டார்.

"அப்பா ஒரு வருடம் வேலை செய்யச் சொல்கிறார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வேறு காரணம் ஏதும் இருந்தால் என்னிடம் சொல்லலாம். நான் எங்கேயும் எழுதிவைக்க மாட்டேன்."

நான் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எழுதிவைக்க மாட்டேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? அப்படியென்றால் எழுதிவைக்க ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் கதவைச் சாத்தினார்? அன்றிலிருந்து அந்த அறை இருந்த நடைபாதையால் நான் போகவில்லை. வகுப்புக்குச் சுற்றிக்கொண்டு போவேன்.

அந்த மாதத்தில்தான் அக்காவிடம் சொன்னேன். கடையின் பின்பக்கம் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். முதலில் அவள்தான் தன் விஷயத்தைச் சொன்னாள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் வாரத்துக்கு இத்தனை மணிநேரம்தான் வெளியே வேலை செய்யலாம் என்று விதி இருக்கிறதாம். "நான் அதுக்கு மேலதான் செய்றேன். தெரிஞ்சா விசாவே போயிடும். யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள். பிறகு, "நீ எந்த யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணிருக்க?" என்று கேட்டாள்.

ஓய்வு வருடக் கதையை ஆரம்பித்தேன். வெங்காயத்தால் ஏற்கனவே கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கே அது உண்மையான அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினாள். ஆலோசனை ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அன்று எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது.

மூன்று கிழமைகள் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஏய், உனக்கு ஒரு நல்ல செய்தி. எங்க யூனிவர்சிட்டில ஒரு மேடம்கிட்ட பேசினேன். பேப்பர் இல்லாத பசங்களுக்குன்னே ஒரு வழி வச்சிருக்காங்களாம். இங்க உள்ளவங்க கட்டுற அதே ஃபீஸ்தானாம்."

"என்ரை பேரைச் சொன்னனீங்களோ?"

"பேர் சொல்லல. நம்பர் மட்டும் குடுத்தேன். அவங்களே கூப்பிடுவாங்க."

"ஏன் அக்கா குடுத்தனீங்கள்? என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாமெல்லோ!"

"நல்லதுக்குத்தானே பண்ணேன். ஏன் இப்படி கத்துற?"

நான் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வேலை முடியுமுன்பே வீட்டுக்கு வந்தேன். மறைக்கலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. மேசையில் உட்கார்ந்து மெதுவாகக் கேள்வி கேட்டார். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

"உவள் ஆர்?"

"கடையிலை வேலை செய்யிற அக்கா."

"எப்ப வந்தவள் இஞ்சை?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"உவளுக்கு என்ன தேவை உன்ரை படிப்பிலை?"

அம்மா குறுக்கே வந்தாள். "அந்தப் பிள்ளை நல்ல மனசிலை செய்திருக்கும்."

"நல்ல மனசெண்டால் நம்பரைக் குடுக்க முதல் இவளைக் கேக்கோணும். ஆக்களைக் காட்டிக்குடுத்தால் கெதியாப் பேப்பர் கிடைக்குமாம் எண்டு வேலையிலை ஒருத்தன் சொன்னவன். உவளும் பேப்பருக்குத்தானே நிக்கிறாள்?"

அது வெறும் வேலைத்தல வதந்தி. இன்று எனக்கு அது தெரியும். அன்று அப்பா சொன்னதை நம்பிவிட்டேன். படுத்திருந்து அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கிப் பார்த்தேன். நான் எந்த மாதம் பிறந்தேன் என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். இருவரையும் சேர்த்துப் படம் எடுத்திருக்கிறாள். எங்கள் ஜன்னலிலிருந்து ஏரி தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் மாடியைக் கணக்குப் போட்டிருப்பாள். இரண்டு கிழமைக்கு முன் புதுக் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது எப்படிக் கிடைத்தது?

செவ்வாய்க்கிழமை என் கைப்பேசி அடித்தது. எண் தெரியவில்லை. அடித்து ஓயும்வரை அதை மேசையில் வைத்து மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். புதன்கிழமை மறுபடி அடித்தது.

வியாழக்கிழமை பின்னேரம் கதவைத் தட்டினார்கள். அப்பா வேலையில் இருந்தார். அம்மாவும் நானும்தான். கதவுத் துளையால் பார்த்தேன். கறுப்புச் சட்டை போட்ட இரண்டு பேர், அதிகாரிகள் மாதிரி. ஒருவர் கையில் தாள்கள் செருகிய பலகை. அவர்களுக்குப் பின்னால் எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் மனிதர், சூப்பர் என்று எல்லோரும் கூப்பிடுபவர், சாவிக்கொத்தோடு நின்றார். அம்மா பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தினாள். நான் சத்தம் போடவேயில்லை, ஆனாலும் பொத்தினாள். அவளுடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. மறுபடி தட்டினார்கள். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒருவர் ஆங்கிலத்தில், "பரவாயில்லை, திங்கள் திரும்ப வருவோம்" என்றார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டதா என்று பிற்காலத்தில் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் என் காதுக்குள் என் இதயம் மட்டும்தான் அடித்தது.

ஞாயிறு காலை பக்கத்து நகரமான மிசிசாகாவில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருடைய வீட்டுப் பேஸ்மென்டுக்குப் போய்விட்டோம். மெத்தைகளையும் மேசையையும் விட்டுவிட்டுப் போனோம். கடைக்கு நான் சொல்லவில்லை. அக்காவின் எண்ணைக் கைப்பேசியில் தடை செய்தேன். செய்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அவளை நம்பிய என்மேல்.

பள்ளிக்கூடம் முடிய இரண்டு மாதம் இருந்தது. மிசிசாகாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறலாம் என்று அப்பா சொன்னார். அதற்குப் புது விலாசத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள் என்று பயந்து அவரே அந்த யோசனையைக் கைவிட்டார். பிறகு, படித்தது போதும் என்றார். அம்மா அன்றுதான் முதல்முறையாக அவரை எதிர்த்தாள். "பன்ரண்டு முடிச்ச சேர்ட்டிபிக்கேற் இல்லாமல் இவள் நிக்கமாட்டாள். நான் கூட்டிக்கொண்டு போறன், வாறன். உங்களுக்குப் பயமெண்டால் நீங்கள் வீட்டை இருங்கோ."

விடியுமுன் எழும்பி இரண்டு பஸ் பிடித்து, பிறகு சப்வேயில் போக வேண்டியிருந்தது. முதல் கிழமை அம்மா கூடவே வந்து பள்ளிக்கூட வாசலில் என்னை விட்டாள். பஸ்ஸில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தவர்களையெல்லாம் நாங்கள் இருவரும் பார்த்து வைத்துக்கொள்வோம். ஒரே முகம் இரண்டு நாள் வந்தால் மூன்றாம் நாள் வேறு பஸ்.

ஒருநாள் வழிகாட்டல் ஆசிரியை என்னைத் தேடி வகுப்புக்கே வந்துவிட்டார். நடைபாதையில் வைத்து மெல்லிய குரலில் சொன்னார். "ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். நூலகத்துக்குப் பின்னால் உள்ள அறையில் சில மாணவர்களோடு பேசப் போகிறார். பெயர் கேட்க மாட்டார். நீ பேச வேண்டியதில்லை. விரும்பினால் வா, பிடிக்காவிட்டால் எழும்பிப் போ."

எனக்கு ஓடத்தான் தோன்றியது. ஆனால் ஓடினால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று போனேன். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தேன். என்னோடு நான்கு பேர். அதில் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். என் கணித வகுப்பில் இருப்பவன், பிலிப்பைன்ஸ் பையன். அவன் என்னைப் பார்த்ததும் நிலத்தைப் பார்த்தான். நானும் நிலத்தைப் பார்த்தேன்.

வந்திருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். இனிப்பாக ஒன்றும் பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இருக்கும் சட்டம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை என்றார். மாகாண உதவி உங்களுக்குக் கிடைக்காது, அதை நான் மாற்ற முடியாது என்றார். ஆனால் தங்கள் பல்கலைக்கழகம் தானாகவே ஒரு விதி வைத்திருக்கிறது. பத்திரம் இல்லாத மாணவர்கள் முதலில் ஒரு தயாரிப்புப் பாடம் படிக்கலாம். அதில் தேறினால், இங்குள்ளவர்கள் கட்டும் அதே கட்டணத்தில் பட்டப்படிப்பில் சேரலாம். கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு. குடிவரவு நிலையை எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை.

பிறகு ஒன்று சொன்னார். "எங்கள் மாணவி ஒருத்தி, தன்னோடு வேலை செய்யும் ஒரு பிள்ளையின் எண்ணைத் தந்தாள். இரண்டு தரம் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. முன்னறிவித்தல் இல்லாமல் நான் கூப்பிட்டது பிழை. எண்ணை அழித்துவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்திருக்கும் என்று நினைத்துப் பள்ளிக்கூடங்களுக்கு நேரே வரத் தொடங்கினேன்."

யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். என் முகம் சுட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் பழைய கட்டடத்துக்குப் போனேன். தெருவின் மறுபக்கத்தில் நின்று பார்த்தேன். சூப்பர் வாசலில் குப்பைத் தொட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டுவிட்டார்.

"எங்கே போய்விட்டீர்கள் நீங்கள்? மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஆட்கள் மூன்று தரம் வந்து திரும்பிப் போனார்கள். உங்கள் மாடியில் உங்கள் வீடு மட்டும்தான் பார்க்காமல் மிச்சம். கதவுக்குக் கீழே அறிவித்தல் போட்டேனே, பார்க்கவில்லையா?"

அறிவித்தல் வந்தது. வீடு யாருடைய பெயரில் இருந்ததோ அவருடைய பெயர் போட்ட உறையில் வந்தது. வழக்கம்போலப் பிரிக்காமல் எடுத்து வைத்திருந்தோம்.

பேஸ்மென்டில் அப்பாவிடம் சொன்னேன். "மூட்டைப்பூச்சி பாக்கத்தான் வந்தவையாம், அப்பா."

அவர் நம்பவில்லை. "அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார்.

அம்மா சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்கடை பயத்திலை நாங்கள் மெத்தையையும் விட்டிட்டு வந்தம். பூச்சியாவது நிம்மதியா இருக்கட்டும்." அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்மணியைத் தான் நேரில் பார்க்க வேண்டும் என்றார். பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்து இல்லை என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் அந்தப் பெண்மணியின் அலுவலகம் இருந்த கட்டடத்துக்குப் போனோம். அப்பா அயர்ன் பண்ணிய சட்டையும் தோல் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தார். நேரே உள்ளே போகவில்லை. அந்தக் கட்டடத்துக்கு எதிரே ஒரு கோப்பிக் கடை இருந்தது. அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றரை மணிநேரம் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்த்தார். ஒருமுறை சீருடைக்காரர் ஒருவர் உள்ளே போனார். அப்பா எழும்பிவிட்டார். அந்த ஆள் கையில் சாப்பாட்டுப் பொதியோடு திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். கட்டடத்துக் காவலாளி. அப்பா மறுபடி உட்கார்ந்து ஆறிப்போன கோப்பியைக் குடித்து முடித்தார். பிறகு "வா" என்றார்.

உள்ளே அவர் தமிழில் கேட்க நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எங்கடை விலாசத்தை எங்கை எழுதுவினம் எண்டு கேள்."

அந்தப் பெண்மணி கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என்னென்ன கேட்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்பா இரண்டு தரம் வாசித்தார். நிலை என்ற கட்டம் அதில் இல்லை.

"பொலிஸோ, ஆக்களைத் திருப்பி அனுப்பிற எல்லைக்காரரோ வந்து கேட்டால் என்ன செய்வா எண்டு கேள்."

"சும்மா வந்து கேட்டால் கொடுக்க மாட்டேன். நீதிமன்றப் பத்திரத்தோடு வந்தால் என்னால் தடுக்க முடியாது. இதுவரை ஒருவரும் அப்படி வரவில்லை. இனி வரவே மாட்டார்கள் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

நான் மொழிபெயர்க்கும் முன்பே அப்பாவுக்கு விளங்கிவிட்டது. தலையாட்டினார். வெளியே வந்து தெருவில் நடக்கும்போது, "உந்த மனிசி பொய் சொல்லேல்லை" என்றார். "வராயினம், பயப்பிடாதையுங்கோ எண்டு சொல்லியிருந்தால் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு ஓடியிருப்பன்."

அன்றிரவே அக்காவின் எண்ணை விடுவித்து ஒரு செய்தி அனுப்பினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். முதல் கேள்வியே, "யார் பக்கத்துல இருக்காங்க?" என்பதாக இருந்தது.

"ஒருத்தரும் இல்லை, அக்கா."

"நீ என்னை மாட்டிவிட்டுட்டன்னு நினைச்சேன்."

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். நான் கோபத்தோடு கடையைவிட்டுப் போன அடுத்த கிழமையே என்னைக் காணவில்லை. எண் வேலை செய்யவில்லை. அதே நேரம், யாரோ தொலைபேசியில் கூப்பிட்டு வேலைக்காரர்கள் எத்தனை பேர் என்று விசாரித்ததாக முதலாளி சொன்னாராம். நான்தான் அவளுடைய மணிநேரக் கணக்கைப் பற்றி யாரிடமோ சொல்லிவிட்டேன் என்று முடிவு செய்து, அன்றே கடை வேலையை விட்டுவிட்டாள். ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்திருக்கிறாள். அறையை மாற்றியிருக்கிறாள். அந்த விசாரிப்பு ஏதோ காப்புறுதிக் கம்பனியின் விளம்பர அழைப்பு என்பது பிறகுதான் தெரிந்ததாம்.

"உன்ன பத்தி அப்படி நினைச்சது எனக்கே அசிங்கமா இருக்கு" என்றாள்.

"நானும் நினைச்சனான், அக்கா. உங்கடை புதுக் குளிர்ச்சட்டையைக்கூட நினைச்சனான்."

"அந்த கோட்டா? அது சேல்ல வாங்கினதுடி! ஜிப்பே சரியில்ல!"

இருவரும் சிரித்தோம். ஆனால் பழையபடி உடனே ஒட்டிக்கொள்ள முடியவில்லை. அடுத்த சில மாதங்கள் பேசும்போது அவள் எதையோ சொல்ல வந்து நிறுத்துவாள். நானும் அப்படித்தான். ஒருத்தியை ஒருத்தி அப்படி நினைத்தோம் என்பது எங்கேயும் போய்விடவில்லை. அவள் படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலை கிடைத்துப் போகும் முன்பு ஒருநாள் என்னைச் சந்திக்க வந்தாள். ஏரிக்கரையில் நடந்தோம். என் தயாரிப்புப் பாடத்தின் முடிவு வந்திருந்தது. தேறியிருந்தேன். அவள் நடுப்பாதையில் நின்று என்னைக் கட்டிப்பிடித்தாள்.

மாகாண உதவி எனக்கு இன்றுவரை இல்லை. அதனால் ஒரு தவணைக்கு இரண்டு பாடம், சில நேரம் ஒன்று, அவ்வளவுதான் எடுக்க முடிகிறது. என்னோடு பள்ளிக்கூடம் முடித்தவர்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள். நான் பாதி வழியில் நிற்கிறேன். எங்களை இங்கே தங்க விடும்படி மனிதாபிமான அடிப்படையில் ஒரு சட்டத்தரணி விண்ணப்பம் போட்டிருக்கிறார். அதன் முதல் தாளில் எங்கள் உண்மையான விலாசம் இருக்கிறது. அதை எழுதும்போது அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். எழுதி முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார். பதில் இன்னும் வரவில்லை. வருகிற புதன்கிழமை எனக்குப் புள்ளிவிபரவியல் பரீட்சை.